'சும்மா பறக்கும் சார்!' - ரீமேப் செய்த பழைய டர்போ காரை முதல் காராக வாங்கலாமா?

"மகனுக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிறது. முதல் கார் வாங்கப் போகிறான். பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். 'ஸ்டேஜ் ஒன் பண்ணின வண்டி, சும்மா பறக்கும்' என்கிறாராம் விற்பவர். எனக்கு ஸ்டேஜும் புரியவில்லை, டர்போவும் புரியவில்லை. வேண்டாம் என்றால், 'உங்களுக்கு என்னப்பா தெரியும்?' என்கிறான். நான் என்ன சொல்ல?" என்று திண்டுக்கல்லில் இருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார்.

சார், இந்தப் பதிலை நீங்கள் மட்டும் படித்தால் போதாது. படித்து முடித்ததும் மொபைலை அப்படியே மகன் கையில் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. 2013-ல் இந்தியாவுக்கு வந்த அந்த கார், வெறும் 1.2 லிட்டர் இன்ஜினில் 105 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொடுத்தது. அன்றைக்கு அந்த சைஸ் காரில் அது பெரிய விஷயம். 2022-ல் போலோ விற்பனையே இங்கே நின்றுவிட்டதால், ஆசைப்படுகிறவர்கள் பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். தேடுங்கள். ஆனால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

டர்போ என்பது ஓர் ஊதுகுழல்

விறகு அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் என்ன ஆகும்? காற்று கூடும், தீ கொழுந்துவிட்டு எரியும். டர்போ செய்வதும் இதுதான். சைலன்ஸர் வழியாக வீணாக வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதனுடன் சேர்ந்த இன்னொரு சக்கரம், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும்.

அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டாலோ, விரட்டி ஓட்டிவிட்டு வந்தவுடனே இன்ஜினை அணைப்பதையே வழக்கமாக வைத்திருந்தாலோ, சூட்டில் ஆயில் கருகி பேரிங் பாழாகும். வெளியே பெயின்ட் மட்டும் பளபளவென்றே இருக்கும்.

'ஸ்டேஜ் ஒன்' என்றால்?

இதில் ஸ்பேனருக்கு வேலையே இல்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகளை மாற்றி எழுதுகிறார்கள். டர்போவின் அழுத்தம் கூடும், சக்தியும் கூடும். இதற்கு ரீமேப் என்று பெயர்.

கார் கம்பெனி ஏன் அந்தச் சக்தியை முதலிலேயே கொடுக்கவில்லை? தரம் குறைந்த பெட்ரோல், மே மாத வெயில், பல வருஷ உழைப்பு எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக் கொஞ்சம் சக்தியை இருப்பில் விட்டிருக்கிறார்கள். ரீமேப் என்பது அந்த இருப்பில் இருந்து எடுத்துச் செலவழிப்பது. நல்ல ட்யூனரிடம் செய்து, ஒழுங்காகப் பராமரித்தால் வண்டி பல வருஷம் ஓடவும் செய்யும். ஆனால், எடுத்துச் செலவழித்து அனுபவித்தவர் பழைய ஓனர். மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க பாஸ்புக் கிடையாது. பில் வரும்போது கையில் சாவி வைத்திருப்பவர் நீங்கள்.

கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அந்த கார் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அதில் உள்ள இரண்டு கிளட்ச்களும், அவற்றை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டும் விலை உயர்ந்தவை. ரீமேப்பில் கூடிய டார்க் முழுவதும் அந்த கிளட்ச்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். பழுதானால் செலவு லட்சத்தைத் தொடும்.

'கவலைப்படாதீங்க, பழையபடி ஸ்டாக்காக மாத்தித் தர்றேன்' என்று விற்பவர் சொல்லலாம். சாஃப்ட்வேர் பழைய நிலைக்குத் திரும்பும். தேய்ந்த கிளட்ச் திரும்பாது. 'ஸ்டாக் வண்டி' என்று சொல்லி விற்கப்படுவதையும் இதனால்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

ஆர்சி-யில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதில் இருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. காதைக் கிழிக்கும் சைலன்ஸரோடு நடுரோட்டில் நிற்கும்போது, 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு சார்' என்ற பதில் எடுபடுவது கஷ்டம்.

இன்ஷூரன்ஸில் இன்னும் கவனம் வேண்டும். செய்த மாற்றங்களைக் கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்தால், விபத்துக்குப் பிறகு உங்கள் கார் சேதத்துக்கான க்ளைமில் சிக்கல் வரும். கார் கைமாறியதும் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது...

* இன்ஜின் குளிர்ந்த நிலையில் பாருங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

* டர்போவில் மெல்லிய விசில் சத்தம் வருவது சகஜம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சைரன் மாதிரி அலறினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

* அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போதும், முதல் இரண்டு கியர்கள் மாறும்போதும், ரிவர்ஸிலும் உதறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

* ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பழுது கோடுகளை அண்மையில் அழித்திருந்தால், காரின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். ஏன் அழித்தார் என்று கேளுங்கள்.

* டயரைப் பாருங்கள். வேகமான காருக்கு மலிவான டயர் போட்டு ஓட்டியவர், ஆயிலுக்கு மட்டும் தாராளமாகச் செலவழித்திருப்பாரா?

* சர்வீஸ் பில்கள் தேதி, கிலோமீட்டரோடு வேண்டும். எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா என்பதை பரிவாஹன் தளத்தில் சரிபாருங்கள்.

அப்பாவுக்கு...

சார், 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லை மகன் பயமாகத்தான் எடுத்துக்கொள்வார். அவரோடு சேர்ந்து வண்டி பார்க்கப் போங்கள். உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. டர்போ கார் மிதித்தவுடன் கொஞ்சம் யோசிக்கும், பிறகு சட்டென்று பாயும். கை பழகாதவர் இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது, அந்தப் பாய்ச்சல் எதிர்பாராத நேரத்தில் வரும். ரீமேப் செய்த காரில் அது இன்னும் முரட்டுத்தனமாக இருக்கும். இன்ஜின் சக்தியைக் கூட்டியவர்களில் பலர் பிரேக்கைத் தொடுவதே இல்லை.

என் தீர்ப்பு இதுதான். டர்போ? வாங்கலாம். பழையது? வாங்கலாம். மாற்றியமைத்தது? முதல் காராக வேண்டாம். கைபடாத, பில்லோடு உள்ள வண்டியைத் தேடுங்கள், கிடைக்கும் வரை காத்திருங்கள். பட்ஜெட் 6 லட்சம் என்றால் 5 லட்சத்துக்கு கார் பாருங்கள். மீதி ஒரு லட்சம், முதல் வருஷ சர்வீஸுக்கும் எதிர்பாராத செலவுக்கும் பேங்கிலேயே இருக்கட்டும். அந்த ஒரு லட்சம் இல்லையென்றால், இந்த கார் இப்போதைக்கு உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே என்று அர்த்தம்.

தம்பி, வேகத்தை ருசிக்க கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. அங்கே எதிரே லாரி வராது. ஒரு வருஷம் ஸ்டாக் காரை ஓட்டிப் பழகுங்கள். அதற்குப் பிறகும் 105 பிஎஸ் போதவில்லை என்று தோன்றினால், எனக்கு எழுதுங்கள். அப்போது ரீமேப் பற்றிப் பேசுவோம்.