புதுக் காரில் கீறலா? பட்டறைக்கு ஓடும் முன் நகத்தால் தடவிப் பாருங்கள்!

மாங்காட்டிலோ திருவேற்காட்டிலோ பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி எடுத்து வந்த புதுக் கார். மூன்றாவது மாதமே அதில் ஒரு கோடு விழுந்தால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பூந்தமல்லியில் இது அதிசயமும் இல்லை. டிரங்க் ரோடு, குமணன்சாவடி நெரிசல், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழையும் பைக்குகள் என ஏதாவது ஒன்று உரசிவிடும்.

'திருஷ்டி கழிந்தது' என்று சிலர் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். பலர் மறுநாளே டிங்கரிங் பட்டறைக்குப் போய், "கதவு முழுக்கப் புதுசா அடிச்சிடுங்க" என்பார்கள். அந்த அவசரம் வேண்டாம். கம்பெனியில் அடித்த பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டால், எவ்வளவு செலவு செய்தாலும் அது திரும்ப வராது.

கம்பெனி பெயின்ட்டில் அப்படி என்ன இருக்கிறது?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் சான்ட்ரோவில் தொடங்கி ஹூண்டாய் கார்கள் தயாராகும் ஆலை அங்கேதான் இருக்கிறது. இதுபோன்ற ஆலைகளில் சீட், டயர், வயரிங் எதுவும் பொருத்தாத வெறும் கூட்டுக்குத்தான் பெயின்ட் அடிப்பார்கள். முதலில் முழுக் கூட்டையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துரு தடுக்கும் பூச்சு ஏற்றுவார்கள். அதன்மேல் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கண்ணாடிபோல் பளபளக்கும் கிளியர் கோட். மேல் பூச்சுகளைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் காய்ச்சி இறுக வைப்பார்கள். இத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் சுமார் ஏழில் ஒரு பங்கு வரைதான்!

பட்டறையில் அந்தச் சூட்டைக் கொடுக்க முடியாது. காரில் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக்கும் வயரும் தாங்காது. நல்ல பெயின்ட் பூத்தில்கூட 60 டிகிரி அளவில்தான் காயவைப்பார்கள். அதற்கென்றே ஹார்ட்னர் கலந்த வேறு வகை பெயின்ட் இருக்கிறது. கைதேர்ந்தவர் அடித்தால் பல வருடம் உழைக்கும். ஆனாலும், அது இரண்டாவது பெயின்ட்தான்.

நகம் சொல்லும் உண்மை

முதலில் அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். சுவரின் சுண்ணாம்போ, மோதிய வண்டியின் பெயின்ட்டோ ஒட்டிக்கொண்டு கீறல்போலத் தெரியும். பிறகு, கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள்.

* நகம் தடுக்கவில்லையா? கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றிருக்கும். காம்பவுண்டு, பாலிஷ் போதும். ஆனால், ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்துவிடும். அடிக்கடி வேண்டாம்.
* நகம் தடுக்கிறது, ஆனால் கார் நிறமே தெரிகிறதா? டச்-அப் பெயின்ட் வைக்கலாம். கோடு முழுசாக மறையாது. தண்ணீர் உள்ளே இறங்காது.
* சாம்பலோ வெள்ளையோ தெரிகிறதா? பிரைமர் வரை போயிருக்கிறது. சின்னக் கோடு என்றால் டச்-அப், அகலமான சிராய்ப்பு என்றால் பட்டறை.
* தகரம் மின்னுகிறதா? தள்ளிப்போடாதீர்கள். மழைக்காலம் வந்தால் துரு பெயின்ட்டுக்கு அடியில் பரவும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துரு பயம் இல்லை, நிதானமாகச் செய்யலாம்.

நிறம் ஏன் சேரமாட்டேன் என்கிறது?

ஒவ்வொரு காரின் நிறத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ உள்ள ஸ்டிக்கரில் பெரும்பாலும் இருக்கும். ஆனால், ஒரே குறியீட்டிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு லேசான வித்தியாசம் வரும். சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் நிறங்களில் பொடிப்பொடியான அலுமினியத் துகள்கள் கலந்திருக்கும். ஸ்பிரே கன்னின் அழுத்தமும் தூரமும் மாறினால், அந்தத் துகள்கள் படியும் விதமும் மாறும். நேரே பார்த்தால் சரியாக இருக்கும் நிறம், சாய்ந்து பார்த்தால் கறுத்துத் தெரிவது இதனால்தான்.

விஷயம் தெரிந்த பெயின்ட்டர் நேராகக் காரில் அடிக்கமாட்டார். ஓர் அட்டையில் அடித்து, கிளியர் கோட்டும் கொடுத்து, காய்ந்ததும் காரோடு வைத்துப் பார்ப்பார். இதை வெயிலில் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் தனித்தனியாகத் தெரியலாம். தேவைப்பட்டால், பக்கத்துப் பேனலின் ஓரம் வரை நிறத்தைக் கரைத்து அடித்து, அந்தப் பேனல் முழுக்கக் கிளியர் கோட் கொடுப்பார். அதன் கம்பெனி பூச்சு அடியில் அப்படியே இருக்கும்.

பட்டறையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தூசு புகாத பூத் இருக்கிறதா? பெயின்ட்டர் முறையான மாஸ்க் போட்டிருக்கிறாரா? ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. கைக்குட்டை அதைத் தடுக்காது. குழந்தைகளை அங்கே நிற்க விடாதீர்கள்.

கிளெய்ம் போடலாமா?

ஒரு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவிகிதம். ஐந்து வருடம் ஓட்டினால் 50 சதவிகிதம். இந்தத் தள்ளுபடி, பிரீமியத்தில் நம் வண்டியின் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும்தான். ஒரு கிளெய்ம் போட்டால், போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்கு அது பூஜ்யமாகிவிடும். ஜீரோ டெப் இல்லையென்றால், பிளாஸ்டிக் பாகத்திலும் பெயின்ட் பொருள் செலவிலும் பாதி உங்கள் தலையில். எனவே, ஒற்றைக் கீறலுக்குக் கைக்காசு பெரும்பாலும் லாபம். இரண்டு மூன்று பேனல் நசுங்கியிருந்தால் கிளெய்ம் போடலாம். ஆனால், வேலை தொடங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்த காரை இருட்டிய பிறகு எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் நேராகவும் சாய்ந்தும் பாருங்கள். முன்பு எடுத்த போட்டோவையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். நாளை காரை விற்கப்போகும்போது, வாங்குபவர் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வரலாம். முழுக்க மறுபடி அடித்த கதவைப் பார்த்தால், "ஆக்ஸிடென்ட் வண்டியா?" என்றுதான் முதலில் கேட்பார். மெல்லிய கோடு ஒன்று தெரியும் கம்பெனி பெயின்ட் கதவுக்கு அந்தக் கேள்வி வராது.