ஒரு பச்சைக்கு ஒரு கார்

போன கோடையில் மினியாபோலிஸில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனை டேகேரிலிருந்து கூட்டி வர மாலையில் நானும் அவளோடு காரில் தொற்றிக்கொள்வேன். ஃப்ரீவேயில் ஏறும் சரிவில் ஒரு சிக்னல். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு கார்கள். மேலே ஃப்ரீவேயில் வண்டிகள் பாட்டுக்குப் பறக்கின்றன. நாங்கள் மட்டும் நிற்கிறோம்.

"எதிரே வண்டியும் இல்லை, குறுக்கே ஆளும் இல்லை. இங்கே எதுக்குடி சிக்னல்?"

"இது ராம்ப் மீட்டர்மா. ஒரு பச்சைக்கு ஒரு கார்தான்."

எனக்கு வடைச் சட்டிதான் ஞாபகம் வந்தது. பசியோடு காத்திருக்கிறார்களே என்று பதினைந்து வடையை ஒரேயடியாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, எதுவுமே வேகாது. ஃப்ரீவேயும் அப்படித்தான். பத்து கார் கும்பலாக நுழைந்தால் ஒருவர் பிரேக் போடுவார், பின்னால் வரிசையாக எல்லோரும் போடுவார்கள். அதற்கப்புறம் அந்தச் சாலை வழக்கமாகக் கடத்தும் வண்டிகளைக்கூடக் கடத்தாது.

1963-லேயே சிகாகோவில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி இப்படி ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இப்போது சாலைக்கடியில் பதித்த கம்பிச்சுருள்கள் வண்டிகளை எண்ணுகின்றன.

சிக்கல் எங்கே என்றால், இப்போது உள்ளே விட்ட கார் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நெரிசல் முனைக்கு எப்போது போய்ச் சேரும் என்பதில். சாலை காலியாக இருந்தால் இரண்டு நிமிடம். பனி கொட்டினால் ஆறு நிமிடமும் ஆகலாம். போட்ட கணக்கு அதற்குள் பழசாகிவிடும். கிரேக்கப் பொறியாளர் மார்க்கோஸ் பாப்பாஜியார்ஜியூவும் அவர் சகாக்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பாரிஸ் வட்டச்சாலையில் சோதித்தும் பார்த்தார்கள். ராம்ப் சேரும் இடத்தைத் தாண்டி, சாலை எவ்வளவு அடைந்திருக்கிறது என்று அடிக்கடி பார். கூடினால் பச்சையைக் குறை, குறைந்தால் கூட்டு. நாமும் கடிகாரத்தைப் பார்த்தா வடை போடுகிறோம்? எண்ணெயின் நுரையைத்தானே பார்க்கிறோம்!

இந்த ஊர்க்காரர்களும் என்னைப் போலவே முணுமுணுத்தவர்கள்தான். பேச்சு சட்டமன்றம் வரை போய், 2000 அக்டோபரில் சுமார் 430 மீட்டர்களையும் சில வாரங்கள் அணைத்தே வைத்தார்கள். விபத்துகள் 26 சதவிகிதம் கூடின. ஃப்ரீவேயில் பயண நேரம் 22 சதவிகிதம் நீண்டது. போய்ச் சேரும் நேரத்தின் நிச்சயமின்மை கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

எனக்கு உறைத்தது இந்தக் கடைசி விஷயம்தான். டேகேர் ஆறு மணிக்கு மூடும். தாமதமானால் நிமிடக் கணக்கில் அபராதம். சராசரி இருபத்தைந்து நிமிடம் என்பதை வைத்துக்கொண்டு என் மகள் என்ன செய்வாள்? என்றைக்கோ ஒருநாள் ஐம்பதாகிவிடுகிறதே, அந்த ஒருநாளுக்குப் பயந்துதானே தினமும் ஆபீஸிலிருந்து முன்னதாகவே ஓடி வருகிறாள்!

அதற்காக முணுமுணுத்தவர்கள் சொன்னதெல்லாம் தப்பில்லை. தூரத்துப் புறநகரிலிருந்து வருபவர் முன்னாடியே ஏறி ஜம்மென்று போகிறார். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் சரிவில் காத்திருக்கிறார். இது என்ன நியாயம்? மீட்டர்களைத் திரும்பப் போட்டபோது, ராம்ப்பில் யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்தச் சண்டை போடாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் முறை வந்தது. பச்சை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு டேகேர் வாசலில் இருந்தோம். பேரன் ஷூவை மாட்டிக்கொண்டு, இடதை வலதில், உட்கார்ந்திருந்தான்.