‘மாத்திரை முழுங்கிட்டு நல்லா தூங்குறான்’: குழந்தைகளுக்கு ஓபியாய்டு நஞ்சு எப்படி ஆபத்தாகிறது?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையைச் சுற்றக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கூடவே பாட்டியின் மூட்டுவலி மாத்திரை. அதில் ‘டிராமடால்’ இருந்தால், பாட்டிக்கு அது வலிநிவாரணி. மிட்டாய் என நினைத்து விழுங்கும் இரண்டு வயதுப் பேரனுக்கு நஞ்சு.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ மருந்தில் 48.6% டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வு காட்டியது. அது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்த நச்சுக் கலப்பு. ஆனால் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளில் கலப்படமே தேவையில்லை. தரமான மாத்திரையே குழந்தையின் உயிரைப் பறிக்கலாம்.

உடலில் என்ன நடக்கிறது?

டிராமடால், டேபென்டடால், கோடீன், மார்ஃபின் ஆகியவை இந்த வகை. இவை, மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதியை மந்தமாக்குகின்றன. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், மூச்சு குறையும், தட்டினாலும் குழந்தை எழாது. டிராமடாலால் வலிப்பும் வரலாம்.

கோடீன் கல்லீரலில் மார்ஃபினாக மாறுகிறது. மரபணு காரணமாகச் சிலருக்கு இது மிக வேகமாக நடப்பதால், வழக்கமான அளவே ஆபத்தாகிவிடும். எனவேதான் கோடீன், டிராமடால் இரண்டையும் 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017-ல் அறிவித்தது.

பிழைத்தால் போதுமா?

ஆக்சிஜன் குறைந்த நிமிடங்கள் மூளையில் நிரந்தரப் பாதிப்பை விட்டுச் செல்லலாம். வாந்தி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அரிதாகச் சில குழந்தைகளுக்குச் சிறுமூளை வீங்கி, மூளைநீர் செல்லும் பாதையை அடைத்துவிடும். அவசர அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம்.

மாற்று மருந்தான ‘நலாக்சோன்’ சில நிமிடங்களில் குழந்தையை எழுப்பும். ஆனால் அதன் வேலை பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்கள்தான். விழுங்கிய மாத்திரையோ அதைவிட நீண்ட நேரம் உடலில் இருக்கும். ‘முழிச்சிட்டான், வீட்டுக்குப் போயிடலாம்’ என்று கிளம்பினால், வழியிலேயே மூச்சு மறுபடி தடைபடலாம். மருத்துவர் சொல்லும்வரை கண்காணிப்பில் இருப்பதுதான் பாதுகாப்பு.

என்ன செய்ய வேண்டும்?

* சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். ‘தூங்கி எழட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம்.
* உப்புத் தண்ணீர் கொடுப்பது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது இரண்டுமே கூடாது.
* மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குறைகிறது, எப்போது விழுங்கியது என்பது மருத்துவருக்கு உதவும்.

டிராமடால் 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு மருந்துக்கடையோடு நின்றுவிடுகிறது. வாங்கி வந்த அட்டை கைப்பையில் இருக்கிறதா, குழந்தைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் இருக்கிறதா என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.