எதிர்பாராமல் கிடைத்த பாட்டும் எவருக்கும் கிடைக்காத பாட்டும்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் காலை ரயிலில் பங்காரப்பேட்டை வரும்வரை பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பாதிப் பேர் உறங்குவார்கள். மீதிப் பேர் இயர்போனைச் செருகிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள். அந்த மீதிப் பேரில் நானும் ஒருவன். சென்ற மாதம் ஒரு நாள் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாடலொன்று முடிந்ததும் நான் தேடாத, பெயர்கூட அறியாத ஓர் இசை தானாகவே தொடங்கியது. பாடகர் இல்லை. ஓர் அக்கார்டியனும், அதன் கீழே பழைய மின்விசைப் பலகை ஒன்றும் மட்டுமே. கலைஞரின் பெயர் ஹைலு மெர்கியா, நாடு எத்தியோப்பியா.

மாலையில் மைசூர் மைன்ஸ் லைன் வீட்டிற்குத் திரும்பியதும் அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டவர், “யாருடா இது? மோகனம் மாதிரி வருதே. நம்ம கூத்துல பெட்டிக்காரரு இப்பிடித்தான் இழுப்பாரு” என்றார். அவர் சொன்னது வெறும் மயக்கமன்று. எத்தியோப்பிய இசையில் ‘திசிதா’ என்றொரு சுர அமைப்பு உண்டு. அதன் ஒரு வகையில் வரும் ஐந்து சுரங்களும் நமது மோகனத்தின் ஐந்து சுரங்களும் ஒன்றே. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த ஒருவர், தம் தந்தையார் ஆடிய தெருக்கூத்தைக் கேட்டு வளர்ந்த செவியால் அதைக் கண்டுகொண்டார்.

பிறகு பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். அதில் பதினேழு கேசட்டுகள் இருந்தன. 1980களில் வாடகைக்கு எடுத்த டேப் ரிக்கார்டரில் பதிவு செய்யப்பட்டவை. தாத்தாவின் கூத்து இரண்டு இரவு, திருமணப் பாட்டுகள், ஒரு பாட்டி பாடிய ஒப்பாரி, கோயில் திருவிழாவின் பறை. சில நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்பா கேட்டார்: “அந்த ஆளு பாட்டு உன்னத் தேடி வந்துச்சே, இது யாரத் தேடியாவது போகுமா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடி விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி.

புதிய இசையைத் தற்செயலாகக் கண்டடைந்தோம் என்று நாம் மகிழ்ந்து சொல்கிறோம். ஆனால் தற்செயல் எனப்படுவதன் பின்னால் எப்போதும் ஒரு கை இருந்திருக்கிறது. 1952இல் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்ததற்கு அந்தத் திரும்பலே முதன்மைக் காரணம். சிற்றலையில் ஒரு பாட்டு ‘எதிர்பாராமல்’ நம் தாத்தா பாட்டியரின் காதில் விழுந்தபோது, கொழும்பில் எஸ்.பி. மயில்வாகனன் போன்ற ஓர் அறிவிப்பாளர் அதைத் தெரிவு செய்திருந்தார். தெரிவு செய்தவருக்குப் பெயர் இருந்தது, குரல் இருந்தது, பிடிக்காவிட்டால் அவருக்கே கடிதம் எழுதலாம்.

ஹைலு மெர்கியாவின் கதையும் அத்தகையதே. அந்தக் கேசட் 1985இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் வாஷிங்டனில் டாக்சி ஓட்டிப் பிழைத்தார். ஆப்பிரிக்கக் கேசட்டுகளைப் பற்றி 2006 முதல் வலைப்பதிவு எழுதிவந்த பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்னும் அமெரிக்கர், எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில் அந்தக் கேசட்டைக் கண்டெடுத்தார். கலைஞரைத் தேடிப் பிடித்துப் பேசினார். 2013இல் மறுவெளியீடு செய்தார். மெர்கியா மீண்டும் மேடையேறினார். ஆகவே அந்த இசை ரயிலில் என்னை வந்தடைந்தது தற்செயலன்று. ஒருவர் கடையில் குனிந்து தேடினார், கேட்டார், நாலு வரி எழுதினார். அந்த நாலு வரி இல்லாமல் இன்றைய இயந்திரப் பரிந்துரை என்னிடம் அதைக் கொண்டுவந்திருக்க இயலாது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதை எவரும் பொருட்படுத்தவில்லை. டச்சு சேகரிப்பாளர் ஒருவர் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்த பின்னரே உலகம் வியந்தது. சிங் 2015இல் மறைந்தார். புகழை அனுபவிக்க அவருக்குக் கிடைத்தவை ஐந்தாண்டுகள் மட்டுமே.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஒருவரது விருப்பத்தை மற்றவர்களது விருப்பங்களைக் கொண்டு ஊகிக்கும் முறைக்கு, 1992இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தினர் ‘கூட்டு வடிகட்டல்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். அதன் அடிப்படை எளியது: உங்களைப் போன்றே கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்களோ அதை உங்களுக்கும் கொடு. ஸ்பாட்டிஃபை 2015இல் தொடங்கிய வாராந்தரப் பட்டியலுக்கும் இது ஓர் அடித்தளம். இம்முறையின் குறையும் துறைசார்ந்தோர் அறிந்ததே: எவரும் இதுவரை கேட்டிராத பாட்டை இது எவருக்கும் பரிந்துரைக்க இயலாது. கேட்கப்பட்டது மேலும் கேட்கப்படும். கேட்கப்படாதது அப்படியே கிடக்கும். ஒலியையே பகுத்தாராயும் முறைகளும் இருக்கின்றன. ஆயினும் பகுத்தாராய்வதற்கு அந்த ஒலி முதலில் அங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டுமே.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஏதேனும் ஓர் இசைத்தளத்தில் ‘கே.ஜி.எஃப்.’ என்று தேடுங்கள். 2018இல் வெளிவந்த கன்னடத் திரைப்படத்தின் பாடல்களும் பின்னணி இசையும் வரிசை கட்டி நிற்கும். அப்படத்தின் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கத் தொழிலை நிலைநிறுத்திய காலந்தொட்டு, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை, நூற்றிருபது ஆண்டுகள் இங்கு உழைத்து, பாடி, அழுத மக்களின் ஓர் ஒப்பாரியைக்கூட அந்த வரிசையில் நான் காணவில்லை. ஊரின் பெயர் உலகறிந்ததாகிவிட்டது. ஊரின் குரல் பரண்மேல் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ஆய்வு நண்பர் ஒருவர் என்னிடம் அதையே சொன்னார்: “வலைப்பதிவர்கள் மட்டும் நடுநிலையாளர்களா? அவர்களும் படித்த, வசதியுள்ள ஒரு சிறு கூட்டம்தானே? இயந்திரத்துக்கு ஆள் யாரென்று தெரியாது. அது அந்த வகையில் நியாயமானது.” இம்மறுப்பில் உண்மை உண்டு. கர்நாடக இசைக்குச் சபாக் கச்சேரிப் பதிவுகளைப் பல்லாண்டுகளாகப் பாதுகாத்து, ராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர் எனக் குறிப்பெழுதி, இலவசமாகப் பகிர்ந்த ரசிகர் கூட்டம் ஒன்று வாய்த்தது. அது பெருந்தொண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த இசைக்கு அத்தகைய ரசிகர் கூட்டமும் ஓய்வு நேரமும் எழுத்துப் பயிற்சியும் வாய்த்தன, எதற்கு வாய்க்கவில்லை என்பதைச் சாதியையும் வர்க்கத்தையும் ஒதுக்கிவிட்டு விளக்க முடியாது. இயந்திரம் அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கவில்லை. எனினும் அது ஏற்கெனவே குவிந்திருப்பதிலிருந்தே கற்றுக்கொள்கிறது. ஆள் யாரென்று பாராத ஒரு தராசு, ஒரு தட்டில் மட்டும் சரக்கு ஏற்றப்பட்டிருக்கும்போது எப்படி நியாயமாக நிற்கும்?

லைன் வீடுகளில் பதிவுகள் இல்லாமல் போனதால் இந்நிலை வரவில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். பீட்டர் மானுவல் வட இந்தியாவை முன்வைத்து 1993இல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ நூல் காட்டுவதுபோல, மலிவான கேசட் வந்தபின் இசைப்பதிவு பெரிய நிறுவனங்களின் ஏகபோகமாக இருக்கவில்லை. சிறிய ஊரின் சிறிய பாட்டும் பதிவானது. எங்கள் பெட்டியில் உள்ள பதினேழும் அதற்குச் சாட்சி. பதிவு இருந்தது, குறிப்பு இல்லை. ஒரு கேசட்டின் மேல் ‘தங்கச்சி கல்யாணம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. யாருடைய தங்கை, எந்த ஆண்டு, பாடியவர் யார்? அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பின் எவருக்கும் தெரியாது. இசைத்தளங்கள் கேட்கும் விவரங்களோ படம், இசையமைப்பாளர், பாடகர், வெளியீட்டு நிறுவனம் என்பவை. ஓர் ஒப்பாரிக்குப் படம் ஏது, இசையமைப்பாளர் யார்?

கூத்துப் பதிவு ஒன்றைச் சென்ற வாரம் முழுதும் கேட்டேன். விடியற்காலை நெருங்கும் இடத்தில், தாத்தாவின் குரலுக்கு நடுவே, சுரங்கத்தின் சங்கு ஊதுகிறது. முகவீணை ஒரு கணம் நின்று, பின் தொடர்கிறது. பார்வையாளர்களில் சிலர் எழுந்து வேலைக்குக் கிளம்பும் சலசலப்பும் பதிவாகியிருக்கிறது. கூத்தின் நேரமும் ஷிஃப்டின் நேரமும் எவ்வாறு ஒன்றையொன்று அனுசரித்தன என்பதற்கு இதைவிட நேரான சான்றை எந்த ஆவணத்திலும் நான் கண்டதில்லை. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ முதலான ஆய்வுகள் இவ்வூர்த் தொழிலாளர் வரலாற்றை நமக்குத் தந்துள்ளன. அந்த வரலாற்றின் ஒலி இன்னும் எழுதப்படவில்லை.

இவ்வூருக்கு எழுத்து மரபு இல்லை என்றும் எவரும் சொல்லிவிட முடியாது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவரது மறைவுக்குப் பின் 1926இல் மறுபடி உயிர்பெற்றது இந்தத் தங்கவயலில்தான், ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியர். சுரங்கத் தொழிலாளர் ஊரிலிருந்து ஓர் இதழ் தமிழ்நாடெங்கும் சென்றது. அக்காலத்தில் இயன்ற காரியம் நமக்கு இயலாதா?

ஆய்வாளர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை என்று நான் கருதுபவை சில. முதலாவது, தத்தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள கேசட்டுகளைத் தேடி எண்ணிம வடிவுக்கு மாற்றுவது. பூஞ்சை பிடித்த நாடாவை அவசரப்பட்டு ஓடவிடக் கூடாது. அறிந்தவரிடம் கொடுத்துத் தூய்மை செய்த பின்பே ஓட்ட வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்பது ஆவணக் காப்பகங்கள் ஏற்கும் குறைந்த அளவு. இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் அரைப்பக்கக் குறிப்பு: பாடியவர், இடம், ஆண்டு, நிகழ்ச்சி, சொன்னவர். பதிவைவிட இக்குறிப்பே அவசரமானது, ஏனெனில் நாடாவைவிட நினைவு விரைவில் அழியும். மூன்றாவது, ஒப்புதல். ஒப்பாரி என்பது ஒரு குடும்பத்தின் சாவு. அதைப் பொதுவெளியில் இடலாமா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒரு காப்பகத்தில் மட்டும் வைக்கலாமா என்பதை அக்குடும்பமே முடிவு செய்ய வேண்டும். நான்காவது, பல்கலைக்கழகத் துறைகள் இப்பணியை ஆய்வுப்பணியாகவே மதிப்பிட வேண்டும். ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஐம்பது பதிவுக் குறிப்புகளுக்கும் கிடைக்குமானால் எத்தனையோ பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும்.

இவையெல்லாம் செய்தாலும் நாளையே உலகம் எங்கள் கூத்தைக் கேட்டுவிடாது என்பதை அறிவேன். ஆனால் எங்கோ ஒரு ரயிலில், எத்தியோப்பியராகவும் இருக்கலாம், யாரோ ஒருவரின் காதில் அந்த முகவீணை எதிர்பாராமல் ஒலிக்க வேண்டுமானால், அதற்கு முன் இங்கே ஒருவர் உட்கார்ந்து நாலு வரி எழுதியிருக்க வேண்டும்.

நான் தொடங்கிவிட்டேன். பதினேழில் நான்கு முடிந்தன. ‘தங்கச்சி கல்யாணம்’ 1984ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நடந்தது. மணப்பெண் அப்பாவின் கடைசித் தங்கை. பாடியவர்கள் எதிர் லைனைச் சேர்ந்த மூன்று பெண்கள். அவர்களில் ஒருவர் இன்றும் இருக்கிறார். அவருக்குப் போட்டுக் காட்டி ஒப்புதல் கேட்க அப்பாவும் நானும் வரும் ஞாயிற்றுக்கிழமை செல்கிறோம்.