50 சதவீத கூடுதல் மகசூல்: நம்பலாமா?

மனித மரபணு ஒன்றைச் சேர்த்த நெல்லும் உருளைக்கிழங்கும் வயல் சோதனையில் சுமார் 50 சதவீதம் கூடுதலாக விளைந்ததாக 2021இல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இதை நம்பி நீங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது முக்கியம்.

டிஎன்ஏ மூலப்பத்திரம் என்றால் ஆர்என்ஏ அதன் நகல். அந்த நகலின் மேல் செடி 'மெத்தில்' என்ற சிறு வேதிக் குறிகளை இடுகிறது. எந்தப் புரதம் எவ்வளவு உருவாகும் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. எஃப்டிஓ என்ற அந்த மரபணு தரும் நொதி இக்குறிகளை அழித்தது. வேர் நன்றாக ஓடியது, நெல்லில் தூர்கள் பெருகின, ஒளிச்சேர்க்கை கூடியது.

ஆனால் இது மரபணு மாற்றுப் பயிர். மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலின்றி நம் நாட்டில் சாகுபடி செய்ய முடியாது. தெளிப்பதால் கிடைக்கும் பலனும் அல்ல. ஆகவே இந்த ஆராய்ச்சியைச் சொல்லி விதையோ டானிக்கோ விற்க வந்தால் வாங்காதீர்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

செடியிலேயே குறி அழிக்கும் நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்று இல்லாவிட்டால் கடுகுக் குடும்பச் செடியான அராபிடாப்சிஸ் தாமதமாகப் பூக்கிறது என்று 2017இல் தெரியவந்தது. அயல் மரபணு சேர்க்காமல், பயிரின் சொந்த நொதியைச் சீராக்கியே மகசூலைக் கூட்ட முடியுமா? மரபணு திருத்திய 2 நெல் ரகங்களை 2025இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. வழி தெரிந்த அரசு நிறுவனங்கள் இதையும் கையிலெடுத்து, நம் மண்ணில் சோதித்து, நல்லதும் கெட்டதுமான முடிவுகளை உங்கள் முன் வைக்க வேண்டும்.