ஏலத்துக்கு அனுப்புமுன் வில்லங்கம் பாருங்கள்

நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கென்று தனியாக ஒரு பிரீமியம் ஆன்லைன் ஏலம் அறிவிக்கப்பட்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கையில் இருக்கிற டாட் இன், டாட் கோ, டாட் மீ, டாட் டிஇ எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் கொட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மனதில் தோன்றிய ரிசர்வ் விலையைப் போட்டு, கடைசி நாள் இரவில் அனுப்பிவிடுகிறோம். அவற்றில் நிறைய திரும்பி வருகின்றன. ஏற்கப்பட்டவற்றிலும் பல ஒரு கேட்புகூட விழாமல் முடிகின்றன. சந்தை மந்தம் என்று பேசிக்கொள்கிறோம். சந்தையைக் குறை சொல்லுமுன், ஏலக்குழுவில் இருப்பவர் நம் பட்டியலை எப்படிப் படித்திருப்பார் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

டாட் காம் விற்பனையில் பெரும்பாலும் விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்தால் போதும். நாட்டு டொமைனில் மூன்றாவதாக ஒரு நாடும் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெயரை யார் வைத்திருக்கலாம், எப்படிக் கைமாற்றலாம், தகராறு வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1994 மார்ச்சில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 1591 ஆவணத்திலேயே இதற்கான அடிப்படை இருக்கிறது. நாட்டு டொமைனை நிர்வகிப்பவர் அந்த நாட்டுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் அறங்காவலர். சொந்தம், பாத்தியதை என்ற பேச்சைவிடப் பொறுப்பும் சேவையுமே முக்கியம் என்பது அதன் சாரம். ரெஜிஸ்ட்ரியின் நிலையே அப்படி என்றால், அதனிடம் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெயர் வைத்திருக்கும் நாம் ஏலத்தில் விற்பது நிபந்தனைக்கு உட்பட்ட ஒரு பயன்பாட்டு உரிமையைத்தான்.

நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. டொமைன் ஏலத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, வில்லங்கத்தை வாங்குபவரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஏலத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு நாட்டு டொமைனோடும் ஒரு பக்க வில்லங்கக் குறிப்பை இணைக்க வேண்டும் என்பதே இந்த இதழில் நான் வைக்கும் கோரிக்கை.

அதில் முதலில் வர வேண்டியது தகுதி. டாட் இயூவை ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களும், அங்கே நிறுவப்பட்ட அமைப்புகளும், ஒன்றியக் குடிமக்களுமே பொதுவாக வைத்திருக்க முடியும். பிரிட்டன் வெளியேறியதும் 2021 ஜனவரி 1 அன்று, தகுதி இழந்த பிரிட்டிஷ் உடைமையாளர்களின் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை இயூரிட் ரெஜிஸ்ட்ரி முடக்கியது. கட்டணம் கட்டியவர்கள், தளம் நடத்தியவர்கள், அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். சீனாவில் 2009 டிசம்பரில், டாட் சிஎன்னை நிறுவனங்கள் மட்டுமே பதியலாம் என்று ஒரே அறிவிப்பில் தனிநபர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2012 வரை அது திறக்கவில்லை. லிபியாவின் டாட் எல்ஒய் உலகம் முழுவதும் சுருக்க இணைப்புகளுக்குப் பிரபலமாக இருந்தபோதே, 2010-ல் நான்கு எழுத்துக்குக் குறைந்த பெயர்கள் இனி உள்நாட்டவருக்கு மட்டும்தான் என்று விதி வந்தது. பயன்பாட்டில் இருந்த விபி டாட் எல்ஒய் என்ற பெயரும் அதே ஆண்டு பறிக்கப்பட்டது. இந்த மூன்றிலும் விற்பவர் யாரும் ஏமாற்றவில்லை. நாடு முடிவெடுத்தது, பெயர் போனது. கனடாவின் டாட் சிஏ, அமெரிக்காவின் டாட் யுஎஸ், ஆஸ்திரேலியாவின் டாட் ஏயூ ஆகியவற்றுக்கும் அந்தந்த நாட்டோடு தொடர்பு காட்ட வேண்டும். திருச்சியில் இருந்து ஒருவர் உற்சாகமாகக் கேட்டு ஜெயித்த பிறகு இது தெரியவந்தால் அந்த ஏலமே பாழ். இரண்டாவதாகக் கேட்டவர் அதற்குள் வேறு பெயர் பார்த்துவிட்டிருப்பார்.

அடுத்தது கைமாற்றும் முறை. நடைமுறையில் நாம் அதிகம் இடறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னையில் இருக்கும் ஒருவரின் டாட் கோ டாட் யூகே பெயர் ஏலத்தில் போகிறது, வாங்கியவர் மான்செஸ்டரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாட் காமில் பழகிய கை, இடமாற்றக் கடவுச்சொல்லான ஆத் கோடைத் தேடும். பிரிட்டனில் நாமினெட் ரெஜிஸ்ட்ரியின்கீழ் காலங்காலமாக இருந்துவரும் முறை வேறு. ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் ஒரு டேக் உண்டு. விற்பவர் தன் பக்கத்திலிருந்து வாங்குபவருடைய ரெஜிஸ்ட்ராரின் டேக்குக்குப் பெயரைத் தள்ளிவிட வேண்டும். தள்ளியதோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. டேக் மாறினாலும் பதிவேட்டில் உடைமையாளராக நிற்பவர் சென்னைக்காரரேதான். உடைமையாளர் மாற்றம் தனிக் காரியம், அதைத் தனியாகச் செய்ய வேண்டும். இது தெரியாத விற்பனையாளர் டேக்கை மாற்றிவிட்டு, பணத்தை நடுவில் பிடித்துவைத்திருக்கும் எஸ்க்ரோவிடம் அதை விடுவிக்கச் சொல்வார். வாங்கியவரோ பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பெயர் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது என்பார். இருவர் சொல்வதும் உண்மை. நடுவில் பணம் நிற்கும். ஜெர்மனியின் டாட் டிஇயில் ஆத்இன்ஃபோ என்ற கடவுச்சொல் உண்டு, ஆனால் அது 30 நாளில் காலாவதியாகும். ஏலம் தொடங்கும்போதே அதை உருவாக்கி வைத்தால், பணம் வந்து சேரும்போது செத்துப்போயிருக்கும். எப்போது உருவாக்க வேண்டும், யார் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை நான்கு வரியில் குறிப்பில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

மூன்றாவது, தகராறு விதி. பழைய பெயர் என்பதை நாம் பெரிய தகுதியாகப் போடுகிறோம்: 1999-ல் பதிவானது, 2005-ல் பதிவானது என்று. டாட் காமுக்கான யுடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு நடைமுறையில், சம்பந்தமில்லாத இன்னொருவருக்குப் பெயர் கைமாறினால் அது புதிய பதிவாகவே கருதப்படுகிறது. விற்பவரின் இருபது ஆண்டு நல்லெண்ணம் வாங்குபவருக்குக் கூடவே போவதில்லை. அவர் வாங்கிய நாளில் அந்த வர்த்தகக் குறியீடு ஊரறிந்ததா என்றுதான் கேட்பார்கள். டாட் இன்னுக்கான ஐஎன்டிஆர்பி இன்னும் கடுமையானது. யுடிஆர்பியில் பதிந்ததும் தீய நோக்கம், பயன்படுத்துவதும் தீய நோக்கம் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். ஐஎன்டிஆர்பியில் இரண்டில் ஒன்று போதும். அப்படியானால் உங்கள் பார்க்கிங் பக்கத்தில் இன்று ஓடுகிற விளம்பரமே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம். பட்டியலை அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு பெயரையும் உலாவியில் திறந்து, என்ன விளம்பரம் வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வர்த்தகக் குறியீட்டு வாசனை அடிக்கும் பெயரை ஏலக்குழு முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடும். அது சரியான செயல் என்றே நினைக்கிறேன்.

இனி விலைக்கு வருவோம். 2008 பிப்ரவரியில் பிரிட்டனில் நடந்த ஒரு விற்பனையை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். குரூஸ் டாட் கோ டாட் யூகே என்ற தளத்தை நடத்திவந்த பயண நிறுவனம், கடைசியில் ஓர் 'எஸ்' மட்டும் கூடுதலாக இருந்த குரூசஸ் டாட் கோ டாட் யூகேயை 5,60,000 பவுண்டு கொடுத்து ஒரு ஜெர்மன் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. கூகுள் தேடலில் பன்மைப் பெயர் தொடர்ந்து முன்னால் நின்றதும் தன் தளம் அதற்குப் பின்னால் நின்றதும் அந்த நிறுவனத்துக்கு உறுத்தலாக இருந்தது. உலகில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் அவ்வளவு பெறுமானம் இல்லை. அந்த ஒரு நிறுவனத்துக்கு இருந்தது, அது அந்த நாட்டுச் சந்தையிலேயே இருந்தது. அதே ஆண்டு கிரெடிட் டாட் டிஇ, ஜெர்மன் வழக்கப்படி 'கே'யில் தொடங்கும் எழுத்துக்கூட்டலோடு, 8,92,500 யூரோவுக்குப் போனது. கடனுக்கான அன்றாட ஜெர்மன் சொல், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகியிருக்கும் நாட்டு டொமைன், அதற்காகப் போட்டி போடும் வங்கிகளும் தரகர்களும் என மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஆகவே ரிசர்வ் விலை போடுமுன் கேட்க வேண்டியது, இந்தப் பெயரை வாங்கக்கூடிய நிறுவனங்கள் அந்த நாட்டில் எத்தனை, அவற்றின் இப்போதைய முகவரி என்ன என்பதுதான். நான்கைந்து பெயர்களைக்கூட உங்களால் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பெயரை இந்த ஏலத்துக்கு அனுப்பாதீர்கள்.

எதிர்த்திசையில் ஒரு பாடமும் உண்டு. கொலம்பியாவின் டாட் கோ 2010-ல் உலகுக்குத் திறக்கப்பட்டபோது ஓரெழுத்துப் பெயர்கள் பெரிய செய்தியாயின. ஈ டாட் கோ 81,000 டாலருக்கு ஏலத்தில் போய், அந்தப் பணம் அறக்காரியத்துக்குச் சென்றது. ஓ டாட் கோவை ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க நிறுவனம் 3,50,000 டாலருக்கு வாங்கி, 2011-ல் தன் பெயரையே அப்படி மாற்றி விளம்பரம் செய்தது. ஓக்லாண்டின் விளையாட்டரங்கத்துக்கும் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள் ஓ டாட் காம் என்று தட்டினார்கள். அப்படி ஒரு தளம் கிடையாது. சில மாதங்களிலேயே நிறுவனம் பழைய பெயருக்குத் திரும்பியது. அன்றிலிருந்து விவரமறிந்த வாங்குபவர் முதலில் கேட்பது, இதே பெயரின் டாட் காம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். அதற்கான பதிலை மறைக்காமல் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். டாட் காம் ஒரு பெரிய போட்டியாளரிடம் இருந்தால் விலையைக் குறையுங்கள், இல்லையேல் பெயரை நிறுத்தி வையுங்கள்.

ரிசர்வ் குறித்து என் கருத்து தெளிவானது: நாட்டு டொமைனில் அது தாழ்வாகவே இருக்க வேண்டும். கேட்பவர்களின் எண்ணிக்கை இயல்பிலேயே குறைவு. இரண்டு பேர் உள்ளே வந்து மோதினால்தான் விலை ஏறும். உயர்ந்த ரிசர்வ் அந்த இரண்டாவது ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. விற்காமல் திரும்பிய பெயருக்கு அடுத்த ஏலத்தில் பழைய எண்ணை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். இன்னொரு சிறு எச்சரிக்கையும் உண்டு: ஏலத்துக்கு ஏற்கப்பட்ட பெயரை மற்றச் சந்தைகளில் உடனடி விற்பனை விலையோடு விட்டுவைக்காதீர்கள். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே விற்றுப்போனால், இங்கே கேட்டவர்களுக்கும் ஏல நிறுவனத்துக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

புதுப்பிப்புக் கட்டணமும் குறிப்பில் இடம்பெற வேண்டும். துவாலுவின் டாட் டிவியில் பிரீமியம் என்று வகைப்படுத்தப்பட்ட பெயர்களுக்கு ஆண்டுதோறும் அதே உயர்ந்த கட்டணம் என்ற முறை நெடுநாள் இருந்தது. வாங்கிய ஆண்டில் மகிழ்ந்தவர் மறு ஆண்டு பில்லைப் பார்த்துப் பெயரைக் கைவிட்டுவிடுவார். தங்கள் இரண்டெழுத்து எவ்வளவு பெறும் என்பதை இன்று நாடுகள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. சுமார் பதினைந்தாயிரம் பேர் வாழும் அங்குவில்லா 2023-ல் டாட் ஏஐ மூலம் ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலர் ஈட்டியது. அரசு வருவாயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கொலம்பியா 2020-ல் டாட் கோ ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, அதுவரை நூற்றுக்கு ஆறேழாக இருந்த அரசின் பங்கை 81 ஆக்கிக்கொண்டது. நாளைய கட்டணம் இன்றைய கட்டணமாகவே இருக்கும் என்று வாங்குபவருக்கு யாரும் உறுதி தர முடியாது, நாமும் தரக் கூடாது.

டாட் ஐஓ வைத்திருப்பவர்கள் இன்னும் நேர்மையாக இருக்க வேண்டிய நேரம் இது. சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியசுக்குக் கொடுப்பதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்தது. 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. சாகோஸ் அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் ஐஓ குறியீடு என்றாவது ஐஎஸ்ஓவின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து நீங்கினால், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி டாட் ஐஓ ஓய்வுபெறும் நடைமுறை தொடங்கும். அதற்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு, மேலும் நீட்டிக்கவும் முடியும். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-ல் இப்படித்தான் மறைந்தது. டாட் ஐஓவுக்கும் அதுவே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து இலக்கத்தில் கேட்கப்போகிறவருக்கு இந்த இரண்டு வரியைப் படிக்கும் உரிமை உண்டு.

நம் பக்கத்துப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டாட் இன் 2005-ல் எல்லாருக்கும் திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் பம்புத் தொழிலும் திருப்பூர் பனியன் ஏற்றுமதியும் சிவகாசி அச்சகங்களும் என்ன சொல் கொண்டு வியாபாரம் பேசுகின்றன என்பது வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஏலக்குழுவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்தாமல், மென்பொருள் துப்பிய ஜெர்மன், ஸ்பானியச் சொற்களைப் பதிந்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எது ஒருமை, எது பன்மை, எந்த எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வரும் என்பதுகூடத் தெரியாத பெயருக்கு நாம் எப்படி விலை சொல்வது? டாட் இலங்கை 2010-லும், டாட் இந்தியாவும் டாட் சிங்கப்பூரும் 2011-லும் தமிழ் எழுத்திலேயே வந்துவிட்டன. சர்வதேச ஏலங்களில் இவற்றுக்கு இன்று பெரிய கேட்பு இல்லை. இருந்தாலும், ஒரு நல்ல தமிழ்ச் சொல்லோடு வாங்கக்கூடிய பத்து நிறுவனங்களின் பட்டியலையும் இணைத்து அனுப்பினால் ஏலக்குழு அதைப் படிக்காமல் ஒதுக்கிவிடாது.

ஏல நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். தகுதி விதியைச் சிறிய எழுத்தில் கடைசியில் போடாமல், கேட்பு விலையை உள்ளிடும் இடத்துக்கு மேலேயே காட்டுங்கள். தகுதி உண்டென்று உறுதி சொன்னவரை மட்டும் கேட்க விடுங்கள். கேட்பவர்கள் சற்றுக் குறைவார்கள். ஆனால் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் நழுவுகிறவர்கள் அதைவிட அதிகமாகக் குறைவார்கள்.

அடுத்த ஏலத்துக்குப் பட்டியல் தயாரிப்பவர்கள் முதல் வேலையாகக் காலாவதித் தேதிகளைப் பாருங்கள். ஏலம் முடிந்து மூன்று மாதமாவது உயிரோடு இருக்கும்படி ஒவ்வொரு பெயரையும் இப்போதே ரினியூ செய்துவிடுங்கள். பணம் எஸ்க்ரோவில் நிற்கும்போது பெயர் காலாவதியானால் அதை மீட்க எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு.