மாளிகை முன்றலில் மாண்ட ஒப்பந்தம்

கொழும்புக் கறுவாத்தோட்டத்தில், றோஸ்மீட் பிளேஸ் 65ஆம் இலக்கத்தில் ஒரு மாளிகை நிற்கிறது. டின்டஜல் என்பது அதன் பெயர். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அது சில மைல் தூரமே. ஒரு காலத்தில் நாட்டின் பிரதமர் வாழ்ந்த அம்மனை பின்னர் உல்லாச விடுதியாயிற்று. அங்கே செல்வோர், 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்ட வராந்தா எது என்று கேட்பர். கேட்பது இயல்பே. ஆயின், அதற்குப் பதினேழு மாதங்களுக்கு முன் அதே மனையின் வாயிலில் நிகழ்ந்த மற்றொரு சாவைப்பற்றிக் கேட்போர் எத்தனை பேர்? அன்று மாண்டது மனிதனன்று, ஓர் ஒப்பந்தம். பண்டாரநாயக்காவுக்கு ஹொறகொல்லையில் சமாதி எழுப்பப்பட்டது. ஒப்பந்தத்துக்கோ ஒரு நடுகல்லும் இல்லை. அதனாலேதான் இம்மாளிகையின் வரலாற்றை நாம் எழுதவேண்டியிருக்கிறது.

டின்டஜல் பிரதமருக்கெனக் கட்டப்பட்டதன்று. மகப்பேற்று மருத்துவத்தில் பெயர் பெற்றவரும் எழுத்தாளருமான டொக்டர் லூசியன் டி சில்வா தமக்கென எழுப்பிய இல்லம் அது. 1930ஆம் ஆண்டளவில் வேலை நிறைவெய்தியது. அமைப்பை வரைந்தவர் ஹோமி பில்லிமோரியா என்னும் பார்சி இனத்துக் கட்டடக் கலைஞர். கொள்ளுப்பிட்டியில் மும்தாஜ் மஹாலை வரைந்தவரும் அவரே. அந்த மஹால் 1948 முதல் 2000 வரை சபாநாயகரின் வாசஸ்தலமாயிருந்தது. ஆக, ஒரே கலைஞரின் கைவண்ணத்தில் உருவான இரு தனியார் மாளிகைகளில் ஒன்றிலே சபாநாயகரும் மற்றொன்றிலே பிரதமரும் குடியிருந்த காலமும் உண்டு. டின்டஜல் என்னும் பெயரோ இங்கிலாந்தின் கோர்ண்வால் கடற்கரைக் கோட்டையின் பெயர். ஆர்தர் மன்னன் பிறந்த இடமென ஆங்கிலேயர் கதை சொல்லும் கோட்டை. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரித்தானிய இராணுவம் இம்மனையைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. 1946இல் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கா அதனை விலைக்கு வாங்கித் தம் மைந்தருக்கு அளித்தார். அம்மைந்தரே 1956இல் பிரதமரானார்.

இத்தகைய மாளிகைகளின் அமைப்பை ஊன்றிக் கவனியுங்கள். வீதியோரம் மதில்; மதிலிலே படலை; படலைக்கப்பால் புற்றரை; அதன் பின் வண்டி நிற்கும் முகப்பு; முகப்பை அடுத்து வராந்தா; வராந்தாவின் பின்னே வரவேற்பு மண்டபம். கறுவாத்தோட்டத்துப் பங்களாக்களின் இலக்கணம் பொதுவாக இதுவே. ஒவ்வொரு படியும் வருகிறவனை எடைபோடுகிறது. ஏவலாளன் படலையோடு நிற்பான். மனுக்கொடுக்க வந்தவன் வராந்தாவோடு நிற்பான். ஒத்த தகுதியுடையவனே மண்டபத்துள் அமர்வான். தனி மனிதனின் இல்லத்துக்கு இந்த ஒழுங்கு தகும், அதிலே குற்றமில்லை. ஆனால் ஒரு நாட்டின் அரசியல் அந்த வராந்தாவுக்கு வந்துசேரும்போதே கேடு தொடங்குகிறது. ஏனெனில் அங்கே யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், பேசியதை எப்படிப் பதியலாம் என்பதற்கு விதியில்லை. பெருங்கூட்டமாக வந்தவன் சொல்லே விதி.

1957ஆம் ஆண்டு யூலை 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். வட மாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை. கிழக்கு மாகாணத்துக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ. விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதிகள் ஆகிய துறைகளில் அச்சபைகளுக்கு அதிகாரம். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகம் தமிழில் நடைபெறும் என்பதும் அதில் இருந்தது. கமக்காரப் பெருமக்களே, குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் உரிமை பிரதேச சபைக்கே உரியது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரி சட்டமாகியிருந்தால், பட்டிப்பளை ஆற்றின் கரையிலும் திருகோணமலை மாவட்டத்திலும் அதன்பின் நடந்த காணிப் பங்கீட்டிலே அவ்வூர் மக்களுக்கும் ஒரு குரல் இருந்திருக்கும்.

அது சட்டமாகவில்லை. 1958 ஏப்பிரல் 9ஆந் திகதி காலை ஏறத்தாழ இருநூறு பிக்குகளும் அவர்களோடு பொதுமக்களும் றோஸ்மீட் பிளேஸ் மாளிகையின் முன்னே வந்து அமர்ந்தனர். ஒப்பந்தத்தைக் கைவிடுக என்பதே அவர்களது கோரிக்கை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை கொண்ட பிரதமர் அன்று பாராளுமன்றத்தைக் கேட்கவில்லை. உடன்பாட்டின் மறுதரப்பினரையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் இனி இல்லையென்றார். வாய்ச்சொல் போதாது, எழுத்திலே தருக என்றனர் வந்தோர். எழுத்திலே கொடுத்தார். இரு தரப்பார் பல நாட் பேசி எழுதியதை ஒருவர் ஒரு காலைப் பொழுதில் தம் வீட்டு வாயிலில் அழித்தெழுதினார்.

அடுத்த மாதமே நாடு பற்றி எரிந்தது. மே 27ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர் வீடுகள் சூறையாடப்பட்டன. உத்தியோகத்தரும் வணிகரும் மனைவி மக்களோடு றோயல் கல்லூரி அகதி முகாமில் ஒதுங்கினர். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். மாளிகை வாயிலில் கூட்டம் வென்றது என்ற செய்தி, எந்த வீட்டு வாயிலிலும் கூட்டம் வெல்லலாம் என்ற துணிவாக மாறிற்று. அதே துணிவு 1983 யூலையில் வெள்ளவத்தை வீதிகளிலே தீவட்டி பிடித்தது.

அந்த வாசல் தன் உரிமையாளரையும் விட்டுவைக்கவில்லை. 1959இல் காவியுடை தரித்த சோமராம அதே வராந்தாவில் அமர்ந்து காத்திருந்தான். வணங்கி வரவேற்ற பிரதமரைச் சுட்டான். மறுநாள் அவர் உயிர் நீத்தார். இதைக் கண்டு களிப்பது தமிழர் பண்பன்று, நாம் களிக்கவுமில்லை. நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்த கொலைக்கு ஒரு சமூகம் முழுவதையும் பொறுப்பாக்கவும் மாட்டோம். ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சட்டத்தின் இடத்தில் கூட்டத்தின் விருப்பை ஒருமுறை அமர்த்தியவர், மறுமுறை அது எந்த உருவில் வருமென்று தீர்மானிக்க இயலாது.

"அன்று பிரதமர் நிர்ப்பந்திக்கப்பட்டார், உள்ளத்தால் அவர் நல்லவரே" என்று கூறுவோர் உளர். இருக்கலாம். ஒரு மக்களின் உரிமை ஒரு மனிதரின் உள்ளத்திலே மாத்திரம் தங்கியிருந்தது என்பதுதானே நமது முறைப்பாடு! நல்லவர் நிர்ப்பந்திக்கப்பட்டால் போய்விடும் உரிமை, உரிமையாகுமா? அது சலுகை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தனிச் சிங்களம் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாகப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல், தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் தடுப்புக் காவலில் இருந்த வேளையில், நிறைவேறியது; அதற்கு வேண்டிய பிரமாணங்கள் 1966 வரை வரவேயில்லை. 1965 மார்ச் 24ஆந் திகதி டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்பாடோ மறுபடியும் ஒரு தனியார் மனையில், டொக்டர் எம். வி. பி. பீரிஸ் அவர்களின் இல்லத்தில், கைச்சாத்தாயிற்று. அதில் உறுதியளிக்கப்பட்ட மாவட்ட சபைகள் 1968இல் கைவிடப்பட்டன. நமக்குப் பாதகமானவை சபையிலே சட்டமாகின்றன. நமக்குச் சாதகமானவை வீடுகளிலே வாக்குறுதிகளாகின்றன. இது தற்செயலென்று நம்புவோர் நம்பட்டும்.

"சட்டத்தாலும் என்ன பயன்? 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் சட்டந்தானே! காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் வந்தனவா?" என்று படித்தோர் வினவுவர். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வரவில்லை என்பது உண்மையே. ஆயினும் சட்டத்தில் ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேற்றுமையைச் செல்லையா கோடீஸ்வரன் வழக்கு நமக்குக் காட்டவில்லையா? அவர் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சையில் தேறாமைக்காகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டவர். 1962இல் வழக்குத் தொடுத்தார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே அவர் கையிலிருந்த ஆயுதம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றம் 1967இல் அதை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி வழக்கைத் திருப்பியனுப்பியது. பிரதமரின் கையெழுத்துப் பெற்ற ஒப்பந்தம் கச்சேரிப் படியைக்கூட ஏறவில்லை. சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றிய எழுதுவினைஞர் இலண்டன்வரை சென்றார். அந்தப் பிரிவுக்கு வலிமையில்லையென்றால், 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அதை ஏன் விட்டொழித்தார்கள்?

வீட்டுக்கும் மன்றுக்கும் உள்ள வேற்றுமை தமிழருக்குப் புதியதன்று. நம் ஊர் வீடுகளில் திண்ணை உண்டு. வழிப்போக்கன் அதிலே இளைப்பாறலாம். ஆனால் ஊர்க் காரியத்தைத் திண்ணையில் முடித்ததில்லை. கோவில் மண்டபத்திலே நாலுபேர் அறிய முடித்தார்கள். தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சபைக்கு யாரைக் குடவோலையால் தெரிவது, யாரை விலக்குவது, எக்குற்றம் செய்தவன் மீண்டும் அமர இயலாது என்பதையெல்லாம் கற்சுவரில் வெட்டி வைத்தார்கள். ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் சென்றும் அவ்வெழுத்தைப் படிக்கலாம். அங்கேயும் எல்லார்க்கும் இடமிருக்கவில்லை. நிலமுடையார்க்கும் கல்வியுடையார்க்குமே இடமிருந்தது. அக்குறையை நாம் மறைக்கவேண்டியதில்லை. நாம் கற்கவேண்டியது வேறு: விதியைப் பொதுவிடத்துச் சுவரில் வெட்டினால், அதனை ஒருவன் ஒரு காலையில் அழித்துவிட முடியாது.

எனவே, டின்டஜலின் கற்களை நாம் நிந்திக்கவில்லை. அது இடிய வேண்டுமென்றும் சொல்லவில்லை. நல்ல கலைஞன் வரைந்த நல்ல மனை, நெடுநாள் நிற்கட்டும். அதன் கதையை எழுதுவோர் முழுக்கதையையும் எழுதட்டும். 1959இல் அங்கு சிந்திய இரத்தத்தைச் சொல்லும் நா, 1958இல் அங்கு எழுதிக்கொடுத்த கடிதத்தையும் சொல்லட்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு சொல். சட்டத்தரணிகளே, மருத்துவர்களே, ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஏர் பிடிக்கும் கமக்காரர்களே! இனி நம் பிரதிநிதிகள் ஒருவர் வீட்டு மண்டபத்தில் பேசிவிட்டு வந்து, "நல்ல முடிவு வரும், பொறுங்கள்" என்றால் பொறுக்கவேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பேசியது எழுத்தில் உண்டா? அந்த எழுத்து மக்கள் முன் வைக்கப்பட்டதா? அது எந்த நாளில் எந்தச் சட்டமூலமாகச் சபைக்கு வரும்? இம்மூன்றுக்கும் விடையில்லையெனில், அவர்கள் கொண்டுவந்தது உடன்பாடன்று. விருந்துண்டு வந்த செய்தி. செல்வநாயகத்தின் நேர்மையைப் பகைவரும் ஐயுற்றதில்லை. அத்தகைய நேர்மையாளர் கையில் இருந்த தாளையே ஒரு வீட்டு வாசல் விழுங்கிற்றென்றால், அவரினும் சிறியோர் கொண்டுவரும் வாய்ச்சொல்லை நம்பி நம் பிள்ளைகளின் காணியையும் மொழியையும் எப்படி ஒப்படைப்பது?

மாளிகைகள் உரிமையாளர் மாறும், விடுதியாகும், ஒரு நாள் வேறொன்றாகும். நம் உரிமையை அவற்றின் வாசலிலே காத்து நிற்க விடலாகாது. அது நிற்கவேண்டிய இடம் நாட்டின் அடிப்படைச் சட்டம். அங்கே அதனை நிறுத்தும்வரை நமக்கு ஓய்வில்லை.